முத்துக்குளித்துறைப் பங்குகளின் வரலாறு – 6: கடலின் ஆண்டும் கோயிலின் ஆண்டும்

கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்பில் மிகச் சிறிய அலகு பங்கு எனப்படும். குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள், அவர்களுக்கென ஒரு கோயில், அவர்களின் ஞானக் காரியங்களுக்குப் பொறுப்பேற்ற ஒரு குரு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பங்கு என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வரையறுத்தது. ஆனால் வேம்பார் தொடங்கித் தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், மணப்பாடு எனத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் இந்த மூன்றும் ஒரே காலத்தில் சேரவில்லை. 1535க்கும் 1537க்கும் இடையில் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது மக்கள் இருந்தனர். கோயில்கள் பெரும்பாலும் ஓலைக் கொட்டகைகளாக இருந்தன. குருக்களோ நீண்ட கரை முழுவதற்கும் ஒரு சிலரே. அடுத்த முந்நூறு ஆண்டுகளிலும் பல ஊர்கள் நிலையான குரு இல்லாமலே பல காலம் வாழ்ந்தன. அப்படியிருந்தும் அவ்வூர்களில் தவக்காலம் தவறாமல் வந்தது, திருநாள் கொடி ஏறியது, இறந்தோருக்காக மணி ஒலித்தது. பங்கு வாழ்க்கை என்பதை ஆண்டின் ஓட்டமாகக் கண்டு, அந்த ஓட்டத்தை யார் கைகளில் ஏந்திக் காத்தனர் என்பதை இந்த இயல் ஆராய்கிறது.

மணியும் கணக்கப்பிள்ளையும்

1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர் மக்களுள் மொழியறிந்தோரின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் அமைத்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருக்களில் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டி நாளுக்கு இருமுறை அச்செபங்களைச் சொல்லிக்கொடுத்ததையும், கற்ற சிறுவர் வீடு திரும்பிப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் அவற்றைக் கற்பிக்கும்படி ஏற்பாடு செய்ததையும் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் விவரிக்கிறது. ஒரே ஆள் ஓர் ஊரில் நிலைத்துத் தங்க இயலாத நிலையில், கற்பிக்கும் பொறுப்பை ஊரிடமே விட்டுச்செல்லும் வழி இதுவாக இருந்தது.

அப்பொறுப்பை ஏற்றவர் கணக்கப்பிள்ளை எனப்பட்டார். ஊர்க் கணக்கு எழுதுபவரைக் குறித்த இச்சொல், சவேரியாரின் கடிதங்களில் போர்த்துக்கீசிய ஒலிப்பில் இடம்பெற்று, செபங்களைச் சொல்லிக்கொடுத்துக் கோயிலையும் கவனிக்கும் உள்ளூர்ப் பணியாளரைக் குறிக்கலாயிற்று. பிற்காலத்தில் உபதேசியார், கோயில்பிள்ளை என்று வழங்கப்பட்ட இருவரின் வேலைகளும் அன்று இந்த ஒருவரிடமே இருந்தன. இவர்களுக்கான ஊதியத்துக்காகப் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த பொற்பணங்களையே சவேரியார் கேட்டுப் பெற்றார். முத்துக்குளிப்போரின் உழைப்பிலிருந்து திரண்டு அரண்மனைக்குச் சென்றுகொண்டிருந்த பணம், அவ்வுழைப்பாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பித்தவர்களிடம் திரும்பி வந்தது எனலாம்.

1548 பிப்ரவரியில் மணப்பாட்டில் தம் உடன்பணியாளருக்கு அவர் விட்டுச்சென்ற அறிவுரைகள் பங்கின் வாரத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. பெண்கள் சனிக்கிழமையும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் கூட வேண்டும். சிறுவர் நாள்தோறும் பாடத்துக்கு வர வேண்டும். ஊருக்குள் வரும் குரு எல்லாவற்றுக்கும் முன்னதாகப் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைத் தேடித் திருமுழுக்கு அளிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி செயல்பட வேண்டுமானால், குரு இல்லாத நாட்களில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் நோயுற்றார், யார் இறந்தார் என்ற செய்திகளை ஊரில் ஒருவர் சேர்த்துவைத்திருக்க வேண்டும். பங்கின் முதல் செய்தி ஏடு கணக்கப்பிள்ளையின் நினைவாகவே இருந்தது. ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளும் இந்த ஒழுங்கைக் காக்கும் கடமையில் சேர்க்கப்பட்டதால், கோயில் நிர்வாகமும் ஊர் நிர்வாகமும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. இப்பிணைப்பின் நன்மையையும் சிக்கலையும் பின்னர்க் காணலாம்.

ஏட்டில் ஏறிய ஆண்டு

நினைவில் இருந்த செபங்கள் அச்சில் ஏறிய வரலாறு தமிழ் நூல் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. 1554இல் லிஸ்பனில் வெளிவந்த செபநூலில் தமிழ் இலத்தீன் எழுத்துகளில் அச்சிடப்பட்டது. அதை உருவாக்கியவர்களாக வின்சென்தே தெ நசரேத், ஜோர்ஜெ கர்வாலியோ, தோமா த குருஸ் என்னும் மூன்று இந்தியக் கிறிஸ்தவர்களின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ் எழுத்திலேயே அச்சேறிய முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட அந்நூல் இந்திய எழுத்து ஒன்றில் அச்சிடப்பட்ட முதல் நூலுமாகும். அதையும், 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலையும் தமிழில் ஆக்கியவர், தமிழர் அண்டிரிக் அடிகளார் என்றழைத்த என்ரிக்கே என்ரீக்கஸ் ஆவார். 1547இல் இக்கரைக்கு வந்து, 1600இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த அவர், மக்களின் மொழியை மக்களிடமே கற்று, அதற்கு இலக்கணமும் எழுத முயன்றவர். இந்நூல்கள் அச்சாவதற்குக் கரை மக்கள் திரட்டிய பணமும் துணைநின்றது.

பங்கின் ஆண்டோட்டத்தை அறிய அண்டிரிக் அடிகளாரின் பிந்திய இரு நூல்கள் இன்றியமையாதவை. 1580இல் வெளிவந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் அருளடையாளத்துக்கு, மக்களை ஆயத்தம் செய்யும் நூல். கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது. பாஸ்கா என்பது இயேசு உயிர்த்தெழுந்த பெருநாள். ஒரு சில குருக்களும் ஆயிரக்கணக்கான மக்களும் இருந்த கரையில் இக்கடமை தவக்காலத்தின் நாற்பது நாட்களில் வந்து குவிந்தது. என்ன கேட்கப்படும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மக்கள் முன்கூட்டியே அறிந்திருக்க ஒரு நூல் தேவைப்பட்டதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல். ஐரோப்பாவில் 'புளோஸ் சாங்க்தோரும்', அதாவது அடியார்களின் மலர்த்தொகுதி, என்ற பெயரில் வழங்கிய நூல்வகையைச் சார்ந்து, ஆண்டவரின் திருநாட்களையும் புனிதர்களின் வாழ்க்கையையும் திருநாட்களின் வரிசையைத் தழுவித் தமிழில் சொல்லிச் செல்கிறது. இதைப் புனிதர் கதைத் தொகுப்பாக மட்டும் காண்போர் அதன் பயன்பாட்டைத் தவறவிடுவர். குரு இல்லாத ஊரில் திருநாள் வந்தால் பூசை இராது. ஆனால் எழுத்தறிந்த ஒருவர் கோயிலில் நின்று அந்நாளுக்குரிய பகுதியை உரக்க வாசிக்க முடியும், மற்றவர் கேட்க முடியும். நூல் கையிலிருந்தால் ஆண்டும் கையிலிருந்தது. குருவை மட்டுமே நம்பியிராத ஓர் ஆண்டோட்டத்துக்கு அச்சுத்தமிழ் இவ்வாறு தொடக்கத்திலேயே அடித்தளம் அமைத்தது.

காற்றும் நிலவும் சலாபமும்

கோயில் நாட்காட்டி வருவதற்கு முன்பே கரைக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குக் காற்று பெயரிட்டு, எக்காற்றில் எம்மீன் படும், எப்போது கடல் அடங்கும், எப்போது மரம் இறக்கக் கூடாது என்பதையெல்லாம் பரதவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். மரம் என்பது இங்கே கட்டுமரத்தைக் குறிக்கும். வளர்பிறையும் தேய்பிறையும் நீரோட்டத்தை மாற்றுவதால், நிலவு அவர்களுக்குத் தொழிற்கருவி போன்றதே.

திருச்சபையின் ஆண்டில் பெரும்பகுதி மாறா நாட்களால் ஆனது எனினும், அதன் மையமான பாஸ்கா நிலவைப் பின்பற்றுவது. இளவேனில் சமபகலிரவுக்குப் பின்வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருநாளாகும். எனவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு முந்தைய குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகியனவும், தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதனும் அதனோடு சேர்ந்து நகரும். நகரும் நாட்களைக் கணிப்பது உழவருக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். பங்குனி, சித்திரை முழுநிலவுகளை நீரோட்டத்துக்காக ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்த கடல் மக்களுக்கு அது பழகிய வழியிலேயே வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளி இரவில் கரைமேல் நிற்கும் நிலவு எப்போதும் முழுமையை ஒட்டியதாகவே இருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டு சரிபார்க்கவும் முடிந்தது.

இந்தப் பாஸ்காக் காலமே முத்துக்குளிப்பின் காலமுமாகும். முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது தமிழ் வழக்கு. பருவக்காற்றுகளுக்கு இடையே மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களே மூழ்குவதற்கு ஏற்றவை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்த வெனிஸ் வணிகர் செசரே பெதரிச்சி, சலாபம் மார்ச் அல்லது ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது நாள் நீடித்தது என்றும், முத்துப்பார் இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கரையில் தற்காலிக ஊர் ஒன்று எழுந்து பின் மறைந்தது என்றும், மூழ்குவோர் கிறிஸ்தவர்கள் என்றும், அவர்கள் போர்த்துக்கல் அரசருக்கு மட்டுமன்றிப் புனித பவுல் துறவியரின் கோயில்களுக்கும் வரி செலுத்தினர் என்றும் எழுதியுள்ளார். கோவாவிலிருந்த புனித பவுல் கல்லூரியை வைத்து இயேசு சபையினருக்கு அக்காலத்தில் வழங்கிய பெயரே இது. முத்துப்பார் என்பது சிப்பிகள் படிந்து வளரும் கடலடிப் பாறைத்தளம்.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பி விளையாத ஆண்டுகள் தொடர்ந்து பல வந்ததும் உண்டு. அது நடக்கும் ஆண்டில், நள்ளிரவுக்குப்பின் தரைக்காற்றில் பாய் விரித்து விடியலில் பாரை அடைந்து, கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சு தாங்கும் நேரத்துக்குள் சிப்பிகளைத் திரட்டி, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பும் உழைப்பு, நோன்பும் ஒறுத்தலும் விதிக்கப்பட்ட தவக்காலத்தோடு பல ஆண்டுகளில் ஒன்றிவிழுந்தது. சுறாவுக்கும் மூச்சடைப்புக்கும் அஞ்சியே இறங்க வேண்டிய தொழிலில், மனிதர் மண்ணும் சாம்பலும் ஆவர் என்று நெற்றியில் திருநீறிட்டு நினைவூட்டும் சடங்கு, வேறெங்கும் பெற்றிராத நெருக்கத்தோடு இக்கரையில் உணரப்பட்டிருக்கும். அச்சாம்பல் முந்திய ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்து, வீட்டு நிலையிலும் திருப்படத்தருகிலும் செருகிவைத்த ஓலையை எரித்துப் பெறுவது. சென்ற ஆண்டின் ஓலையைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் இவ்வாண்டின் தவக்காலம் தொடங்கும் என்ற இவ்வழக்கம் ஒவ்வொரு வீட்டையும் பங்கின் ஆண்டோட்டத்தில் பிணைத்தது.

வாரத்துக்கும் கடல் வழியே ஒரு கட்டு இருந்தது. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதைக் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் ஊர்ச்சட்டமாகவே கடைப்பிடித்தன. மீறியவருக்கு ஊரும் கோயிலும் சேர்ந்து தண்டம் விதித்தன. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குச் செலுத்துவது, தெறிப்பு என்றும் குத்தகை என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் வழங்கியது. கோயில் கட்டடமும் திருநாளும் உபதேசியாரின் பிழைப்பும் அதிலிருந்தே நடந்தன. எனவே மீன் படாத காலம் கோயிலுக்கும் வறட்சிக் காலமாயிற்று. சூன் 29ஆம் நாள் வரும் இராயப்பர், சின்னப்பர் திருநாளும் இக்கரைக்குத் தனிப் பொருளுடையது. இராயப்பர் என்பது பேதுருவுக்கும் சின்னப்பர் என்பது பவுலுக்கும் முன்னாளைய தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர்கள். கலிலேயக் கடலில் வலை வீசிய இராயப்பரைத் தம் தொழிலைச் சேர்ந்தவராகவே கடல் மக்கள் கருதினர்.

கொடியேற்றம்

பொதுவான திருநாட்களுக்கு மேலாக, ஒவ்வொரு பங்குக்கும் தன் பாதுகாவலரின் திருநாள் உண்டு. மணப்பாட்டில் கடலை நோக்கிய குன்றின்மீது 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலின் திருநாள் செப்டம்பர் 14. சவேரியாரைப் பாதுகாவலராகக் கொண்ட ஊர்களுக்கு அவர் இறந்த நாளான திசம்பர் 3. இவற்றுள் முழுக் கரையையும் ஒன்று சேர்ப்பது தூத்துக்குடிப் பனிமய மாதா திருநாளாகும். உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில் கோடை நடுவே பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் எழ வேண்டிய இடத்தைக் காட்டியது என்னும் மரபுக்கதையிலிருந்து பிறந்த பெயர் இது. பனியையே காணாத, உப்பளம் வெயிலில் வெளுக்கும் கரையில் இப்பெயர் நிலைத்ததற்கு, மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாக ஊர் மரபு சொல்லும் மாதாவின் திருவுருவமே காரணம். 1582 ஆகஸ்டு 5ஆம் நாள் அத்திருவுருவத்துக்குரிய கோயில் அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களில், திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் ஆணைப்படி ஐரோப்பியக் கத்தோலிக்க நாடுகள் அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15ஆம் நாள் என்று எண்ணின. கப்பலில் வர வேண்டிய அத்திருத்தம் ஆசியக் கரைகளை அடைய மேலும் காலம் பிடித்தது. இன்று ஆகஸ்டு 5 என்று கொண்டாடப்படும் நாள், அந்த முதல் அர்ச்சிப்பு நாளிலிருந்து கதிரவன் கணக்கில் பத்து நாள் விலகியது.

திருநாள் தொடங்குவது சூலை 26ஆம் நாள் கொடியேற்றத்தோடு. மாதாவின் தாயான அன்னம்மாளின் திருநாளும் அதுவே. கொடி ஏறியது என்பது கரை முழுவதற்கும் ஓர் அறிவிப்பு: வெளியூரில் தொழிலுக்குச் சென்றவர் திரும்ப வேண்டும், மணமாகிச் சென்ற பெண்களைப் பிறந்த வீட்டார் அழைக்க வேண்டும், கடன் தீர்க்கவும் பகை தீர்க்கவும் உரிய நாட்கள் தொடங்கிவிட்டன. நாள்தோறும் நவநாள், அதாவது ஒன்பது நாள் தொடர் வழிபாடு, மறையுரை, நற்கருணை ஆசீர் என வளர்ந்து, ஆகஸ்டு 5ஆம் நாள் பவனியில் அது நிறைவுபெறும். கச்சான் காற்று மிகுந்து வீசும் பருவத்தில் இத்திருநாள் வருவதால், கடலும் வீடும் ஒருசேரக் கரையை நோக்கித் திரும்பும் காலமாக அது அமைந்தது.

ஓலையும் பதிவேடும்

திருநாட்களுக்கு இடையே பங்கின் வாழ்க்கை செய்திகளால் நடந்தது. அச்செய்திகள் சொல்லப்பட்ட இடம் ஞாயிறு பூசை. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் திருமணத்துக்கு வகுத்த விதிப்படி, மணமக்களின் பெயரைத் தொடர்ந்து வரும் மூன்று திருநாட்களில் பூசையின்போது மக்கள் முன் அறிவிக்க வேண்டும். தடை ஏதும் அறிந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தமிழ்க் கத்தோலிக்கர் இதனை ஓலை வாசித்தல் என்கின்றனர். தாளும் அச்சும் வந்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் ஓலை என்ற சொல்லே நிலைத்திருப்பது, இவ்வழக்கம் எக்காலத்தில் வேரூன்றியது என்பதைக் காட்டுகிறது. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று ஊரே எண்ணிக்கொண்டிருக்க, ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி முழுப் பங்கின் சாட்சியத்துக்கு உட்பட்டது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திருமணத்தை ஆடம்பரமாகக் கொண்டாடுவதை அதே சங்கம் தடுத்திருந்ததால், ஓலை வாசிப்பும் ஆண்டின் சில பருவங்களில் குவிந்து சில பருவங்களில் ஓய்ந்தது.

வாய்மொழியாக அறிவிக்கப்பட்டதை எழுத்தில் நிறுத்தியது பதிவேடு. திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கத் திரிதெந்தின் சங்கம் கட்டளையிட்டது. 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும், பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் ஆளையும் வரிசைப்படுத்தும் ஆன்மக் கணக்கு ஏட்டையும் சேர்த்தது. அரசு பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, சிப்பிக்கு மூழ்கியவரின் பிள்ளையும் வலை பின்னியவளின் மகளும் பெயரோடும் பெற்றோர் பெயரோடும் ஞானப்பெற்றோர் பெயரோடும் எழுதப்பட்ட இடம் பங்கு ஏடே. அரசர்களையும் போர்களையும் பதிந்த ஆவணங்களில் இடம்பெறாத மக்களுக்கு அந்த ஒற்றை வரி அளித்த மதிப்பை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

இறப்புச் செய்தியை மணி சொன்னது. துக்க மணி கேட்டதும் இறந்தவரின் வீட்டை நோக்கிச் செல்வதும், சவ அடக்கத்தைப் பொறுப்பேற்று நடத்துவதும் சபையாரின் கடமையாக இருந்தன. போர்த்துக்கீசிய மொழியில் உடன்பிறப்பாளர் கூட்டத்தைக் குறிக்கும் கொன்ஃபிராரியா என்னும் சொல் தமிழில் கொம்பிரியார் சபை என்றாயிற்று. அண்டிரிக் அடிகளார் காலத்திலேயே புன்னைக்காயலில் இத்தகைய சபையொன்று அமைந்து, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உதவுவதைத் தன் பணியாகக் கொண்டது. நவம்பர் 2ஆம் நாள் சகல ஆத்துமாக்களின் நினைவு நாளில் கல்லறைகளைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி ஏற்றி, அவற்றை மந்திரித்து வேண்டும் வழக்கம் இன்றும் வலுவாக உள்ளது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதம் அது. கடலில் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறையே இல்லாத ஊர்களில் அந்நாளின் பொருள் இன்னும் ஆழமானது.

பாதிரியார் இல்லாத ஆண்டுகள்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தம் ஆட்சிக்குட்பட்ட துறைகளில் தடைசெய்து, கோயில்களைத் தம் வசமாக்கினர். அவர்களோடு வந்த போதகர் பிலிப்பு பால்தேயஸ் தமிழ் கற்றவர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது நூல், பரதவர் செபமாலையையும் திருவுருவங்களையும் விட்டுவிட மறுத்ததைப் பதிகிறது. பூசை நின்றது, கோயில் கைமாறியது, ஆனால் ஆண்டு நிற்கவில்லை. ஒல்லாந்தர் எல்லைக்கு வெளியே நாயக்கர் ஆட்சிப்பகுதியில் தங்கிய குருக்களிடம் மக்கள் திருநாட்களில் நடந்து சென்றனர். மற்ற நாட்களில் உபதேசியாரும் முதியோரும் செபத்தை நடத்தினர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சவேரியார் சிறுவரிடம் ஒப்படைத்த முறை, ஒல்லாந்தரின் வணிகக் கும்பினியின் ஆணையால் அழிக்க முடியாத இடத்தில், வீட்டுக்குள், இருந்தது.

கடலோடிகளின் உழைப்பின்றி முத்தும் சங்கும் கிடையா என்பதை உணர்ந்த ஒல்லாந்தர் காலப்போக்கில் தம் தடையைத் தளர்த்தினர். அவ்வாட்சியின் கீழேயே, விஜிலியுஸ் மான்சி என்னும் இயேசு சபைக் குருவின் முயற்சியால் 1712இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1713 ஆகஸ்டில் பனிமய மாதாவின் இன்றைய கோயில் எழுந்தது. ஆனால் போர்த்துக்கீசிய அரசு 1759இல் இயேசு சபையினரைத் தன் நாடுகளிலிருந்து வெளியேற்றியதும், 1773இல் திருத்தந்தை அச்சபையையே கலைத்ததும் கரையை மீண்டும் குருக்கள் அரிதான நிலைக்குத் தள்ளின. இவ்விடைவெளியில் கோயிலின் பொறுப்பு பெரிதும் பரதவரின் சாதித்தலைவர் கைகளில் நின்றது. சாதித்தலைவர் என்பது ஏழு துறைகளின் பட்டங்கட்டிகளுக்கும் மேலான மரபுவழித் தலைவரைக் குறிக்கும். அவர்களுள் ஒருவரான தொன் கபிரியேல் தெக்குருஸ் கோமஸ் பரதவர்ம பாண்டியன் 1806இல் மாதாவுக்குத் தங்கத் தேர் செய்தளித்தார். ஆண்டுதோறும் ஓடாமல், சிறப்பான ஆண்டுகளில் மட்டுமே வடம் பிடிக்கப்படும் அத்தேர், குரு வலிமை குன்றியிருந்த காலத்தில் மக்கள் தம் பங்கைத் தாமே நடத்தியதற்குச் சான்றாக நிற்கிறது.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு சொல்ல வேண்டும். கோயிலும் ஊர்த் தலைமையும் பின்னிய நிலையில், தேர் வடத்தை முதலில் தொடுவது யார், பவனியில் யாருக்கு எந்த இடம் என்னும் மரியாதைகள் அதிகாரத்தின் அளவுகோலாயின. செல்வமும் போர்த்துக்கீசிய நடையுடையும் கொண்ட மேசைக்காரர், கடல் தொழிலில் நின்ற கம்மாரக்காரர் என்ற உட்பிரிவு திருநாளிலும் தலைகாட்டியது. 1838இல் திரும்பிய இயேசு சபையினர் உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயத்தைச் சார்ந்திருக்க, ஏற்கெனவே இருந்த கோவாக் குருக்கள் போர்த்துக்கல் அரசரின் பத்ருவாதோ உரிமையை, அதாவது கீழ்த்திசைத் திருச்சபையைப் பேணும் உரிமையை, சார்ந்திருந்தனர். ஒரே ஊர் இரு அதிகாரங்களுக்கு இடையே பிளந்தது. தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் பெரிய கோயில் என்றும், பிற்காலத்தில் எழுந்த இயேசுவின் திரு இருதயக் கோயில் சின்னக்கோயில் என்றும் இன்றும் வழங்குவது அக்காலத்தை நினைவூட்டுகிறது. சண்டையிட்ட இரு தரப்பாரும் ஒரே நாளில்தான் தவக்காலத்தைத் தொடங்கினர் என்பதும், ஒரே கல்லறைத் தோட்டத்துக்கே இறுதியில் சென்றனர் என்பதும் அப்பிளவு ஆண்டோட்டத்தைத் தொடவில்லை எனக் காட்டும்.

நிலைத்தது எது

1923 சூன் 12ஆம் நாள் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தில் ஆயரான முதல் இந்தியர் அவரே. நிலையான குருக்களும் பள்ளிகளும் பெருகின. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுப்படி வழிபாடு இலத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, அர்ச்சியசிஷ்டவர்கள் புனிதர்களாயினர், விபூதிப் புதன் திருநீற்றுப் புதனாயிற்று. 1982இல், முதல் கோயிலின் நானூறாம் ஆண்டில், பனிமய மாதா கோயில் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி பெற்றது. 2023 ஆகஸ்டு 5ஆம் நாள் தங்கத் தேர் மீண்டும் வீதிக்கு வந்தது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே, முத்துக்குளித்துறைப் பங்குகள் குலையாமல் நின்றதற்குக் கட்டடங்களின் உறுதியைக் காரணம் காட்ட முடியாது. அவை பறிபோயின, மீண்டும் கட்டப்பட்டன. அரசரின் ஆதரவையும் காரணம் காட்ட முடியாது. அது போர்த்துக்கீசியரோடு சென்றது. ஓலையை வீட்டில் வைத்துக் காத்து அடுத்த ஆண்டுச் சாம்பலுக்குக் கொடுத்தவர்கள், சலாபத்திலிருந்து வந்து பாஸ்காக் கடமையைத் தீர்த்தவர்கள், பிறந்த பிள்ளையின் செய்தியைக் குரு வரும்வரை மறவாமல் வைத்திருந்தவர்கள், மூன்று ஓலைக்கும் செவிகொடுத்தவர்கள் ஆகிய பெயர் தெரியாத மக்களே ஆண்டைச் சுமந்தனர். இக்கரையின் திருச்சபை வரலாறு சவேரியாரோடும் அண்டிரிக் அடிகளாரோடும் தொடங்கி எழுதப்படுவது முறையே. அவர்கள் கரையில் இல்லாத நாட்களையும் சேர்த்து எழுதும்போதே அது முழுமை பெறும். கணக்கப்பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. அவர்கள் சொல்லிக்கொடுத்த செபமோ வாய்க்கு வாய் வந்து இன்றும் இக்கரை வீடுகளில் மாலைதோறும் ஒலிக்கிறது.

அடுத்த இயலில்: பத்ருவாதோ வழக்குகளும் பெரிய கோயில் நிர்வாகமும்.